13வது ஓடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் வரைந்த டிசைனை இணையச் சந்தையில் ஏற்றி, ஆர்டர் வந்த பிறகு டீஷர்ட்டிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஃபைலை எந்த அளவில் தயாரிப்பது, தலைப்பு எப்படி வைப்பது, என்ன சொல் போட்டால் தேடலில் மேலே வரும் என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி: டிசைன்களுக்குக் காப்புரிமை பெற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் எனக்கு எட்டு மாதம் போயிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே. இடம் போதாமல் வெட்டுவதானால் சட்டம் பேசுகிற பகுதியை வெட்டுங்கள், ஆமைக் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் அச்சகத்தில் வேலை பார்த்தவள். ஃபிலிம் எடுத்து பிளேட் போட்ட காலத்திலிருந்து கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகும் காலம் வரை அங்கேயே இருந்தேன். வேலையை விட்ட பிறகு, ஆறு வருடமாக வீட்டில் வரைந்து இந்தச் சந்தைகளில் விற்கிறேன். பெரிய வருமானம் இல்லை. ஆனால் என் கையால் வந்தது.

இப்போது ஆமை. முதுகோடே புத்தக அலமாரியாக இருக்கும் ஆமை ஒன்றை வரைந்தேன். மேலிருந்து பார்க்கிற கோணம். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் ஒரு தட்டு, தட்டு நிறையக் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். வரைந்த ஜோரில், விற்பனைக்கு வைக்கும் முன்பே என் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டுவிட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். உயிரியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், ‘ஆமைக்கு ஒரு ஓடு குறைகிறதே’ என்று எழுதினார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். பெரும்பாலான ஆமைகளின் முதுகில் பெரிய கட்டங்கள் 13: நடு வரிசையில் 5, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. என் பென்சில் படத்தில் எண்ணிப் பார்த்தால் 13 சரியாக இருந்தது. மை போடும்போது நடு வரிசையின் கடைசிக் கட்டத்தை வாலோடு சேர்த்து இழுத்துவிட்டிருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று. திருத்தி, 13 கட்டத்தோடு இருந்த படத்தையே விற்பனைக்கு ஏற்றினேன். பக்கத்தில் போட்ட பழைய படத்தை எடுக்கவில்லை. சோம்பேறித்தனம்தான் காரணம்.

ஒரு வருடம் கழித்து இன்னொரு சந்தையில் கடை திறந்தேன். ஆமையை ஏற்றியதும் நிராகரித்துவிட்டார்கள். இதே டிசைன் எங்கள் தளத்தில் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கிறது, பிறர் படைப்பை ஏற்றாதீர்கள் என்று தானியங்கிக் கடிதம் வந்தது. என் ஆமையைத் திருடியதாக எனக்கே எச்சரிக்கை!

போய்ப் பார்த்தேன். ஆமை இடவலமாகத் திரும்பி நின்றது. மூலையில் இருந்த என் கையெழுத்து இல்லை. டீஷர்ட், கோப்பை, தலையணை உறை, ஸ்டிக்கர், ஃபோன் உறை என்று முப்பதுக்கு மேற்பட்ட பொருள்களில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். 12 கட்டங்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். கோபத்தில் எழுதியதை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ‘உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம். இரண்டு நாளில் பதில் வந்தது: எந்தப் படைப்பு உங்களுடையது, அது எங்கே வெளியாகியிருக்கிறது, எங்கள் தளத்தில் எந்தெந்த இணைப்பில் அது மீறப்படுகிறது, தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. இந்தச் சந்தைகளில் பல, 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியில்தான் புகார்களை வாங்குகின்றன. அந்தப் புகாரில் இருக்க வேண்டியவை சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. படைப்பு எது, மீறல் எந்த இணைப்பில், நம் பெயர், முகவரி, தொடர்பு விவரம், இதற்கு அனுமதி தரப்படவில்லை என்று மனமார நம்புகிறேன் என்ற வாக்குமூலம், உரிமையாளர் நானே அல்லது அவர் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர் என்று பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுத் தரும் உறுதிமொழி, கையெழுத்து. மனசாட்சிக்கு அதில் இடம் கிடையாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். புகாரில் எழுதும் பெயரும் முகவரியும் எதிராளி கைக்கும் போகலாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

முப்பது சொச்சம் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் எல்லாம் மறைந்தன. ஒரு வாரம் நிம்மதி. பிறகு அதே ஆமை வேறு கடைப் பெயரில் வந்தது. மறுபடி புகார், மறுபடி நீக்கம். மூன்றாவது முறை வந்தபோது கடைக்காரர் தயாராக இருந்தார். படம் தன்னுடையதே என்று எதிர் அறிவிப்பு கொடுத்தார்.

எதிர் அறிவிப்பு என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக் கொடுத்தவர், தன் படம் தவறாக நீக்கப்பட்டது என்று அதே மாதிரி சத்தியத்தின் மேல் சொல்ல வேண்டும். தன் பெயர், முகவரி கொடுத்து, நீதிமன்றத்துக்கு வரச் சம்மதிக்க வேண்டும். அது வந்தபின் பந்து நம் பக்கம். நாம் வழக்குத் தொடுத்ததாகக் காட்டாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் சந்தை அந்தப் படத்தைத் திரும்ப வைத்துவிடும். யார் உண்மையில் வரைந்தவர் என்று சந்தை விசாரிக்காது. அது அதன் வேலையே இல்லை என்கிறார்கள். எனக்கு வந்த எதிர் அறிவிப்பில் இருந்த முகவரியை வரைபடத்தில் தேடினேன். அந்த எண்ணில் வாகனம் நிறுத்தும் மைதானம் இருந்தது.

வேறு நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட, அந்த ஆமை தன் ஆயுள் முழுக்கச் சம்பாதித்தாலும் காணாது. ஆமை ஆயுள் நீளம்தான், இருந்தும் காணாது.

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பென்சில் படத்தை ஸ்கேன் செய்த ஃபைல், 13 கட்டம். மை லேயர் (கணினிப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு), 12 கட்டம். ஆசிரியர் சுட்டிக்காட்டிய பின் திருத்திய லேயர், 13. மூன்றும் தேதியோடு. கூடவே, ஓடு குறைகிறது என்று அவர் எழுதிய கருத்தும் என் பக்கத்தில் அப்படியே கிடந்தது. கடைக்காரரிடம் இருந்தது முடிந்த படம் ஒன்று, அதுவும் என் தப்போடு. மூன்று ஃபைலின் சிறு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சந்தையின் செய்திப் பெட்டி வழியாகவே அவருக்கு அனுப்பினேன். திட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டேன்: ‘13வது ஓடு எங்கே?’ இதே படங்களை வக்கீல் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது உண்மைதான், வக்கீல் என் தோழியின் மகள், காசு வாங்கவில்லை.

பதில் வரவில்லை. இரண்டாம் நாள் கடையே காணாமல் போயிற்று.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் எனக்கு உதவியது பதிவுச் சான்றிதழ் இல்லை. தூக்கிப் போட இருந்த பழைய ஃபைல்கள்தான். இடத்தை அடைக்கிறதே என்று லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்து, மூலத்தை அழிக்கிற பழக்கம் நிறைய ஓவியர்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது, ஆமை தப்பியது தற்செயல். கிறுக்கல், அடித்தல், திருத்தல், பாதியில் விட்ட நிறம், எல்லாமே வரைந்தவரிடம் மட்டும் இருப்பவை. திருடுகிறவர் கைக்குப் போவது கடைசிப் படம் ஒன்றுதான்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். முதலில் சொல். தமிழில் காப்புரிமை என்ற சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் எழுதுகிறோம், ஓவியம், எழுத்து, பாட்டுக்கான உரிமைக்கும் எழுதுகிறோம். இரண்டும் வேறு. கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். ஓவியத்துக்கு உள்ளது பதிப்புரிமை. அது வரைந்து முடித்ததுமே வந்துவிடுகிறது. ‘பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று படித்தவர், விண்ணப்பிக்காத தன் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். நானும் அப்படித்தான் நினைத்து, முதல் புகாரையே தயங்கித் தயங்கி எழுதினேன். பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பதிவோ முத்திரையோ இல்லாமலே உரிமை உண்டு என்பது 1908 முதல் அதில் இருக்கிறது. உறுப்பு நாடு ஒன்றில் உள்ளவர் வரைந்த படத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் பாதுகாப்பு உண்டு. காலம், குறைந்தபட்சம் ஓவியரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். பல நாடுகளில் இன்னும் அதிகம்.

அப்படியானால் பதிவு வீணா? வீண் இல்லை. வழக்கு வரை போனால் பதிவுச் சான்று கை கொடுக்கும். அமெரிக்காவில், சட்டமே வரையறுத்த இழப்பீட்டையும் வக்கீல் செலவையும் கேட்க வேண்டுமானால், மீறல் தொடங்கும் முன்பே, அல்லது வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், அங்கே பதிந்திருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற நான்கைந்து டிசைனுக்குப் பதிவு செய்யலாம். நூறுக்கும் செய்து கட்டுப்படியாகாது. தபாலில் தனக்குத் தானே படத்தை அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அது பதிவுக்கு ஈடாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே சொல்லியிருக்கிறது.

படத்தின் அளவு பற்றி எனக்கு அச்சகம் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. இணையப் பக்கத்தில் போடும் படத்தை 72 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி என்று, சேமித்தால் யாரும் அச்சிட முடியாது என்று நம்புகிறார்கள். அந்த எண் வெறும் சீட்டு, ஒட்டலாம், கிழிக்கலாம். கணக்குக்கு வருவது பிக்சல். டீஷர்ட்டுக்குப் பரவலாகக் கேட்கும் அளவு 4500க்கு 5400 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 15க்கு 18 அங்குலம் அச்சாகும். நீளப் பக்கம் 900 பிக்சல் உள்ள படம் அதே தரத்தில் 3 அங்குலம்தான் வரும். நான் பக்கத்தில் போட்டிருந்த ஆமை 3000 பிக்சல். தாராளமாக 10 அங்குலம்! கழுத்தை நானே நீட்டியிருக்கிறேன். இப்போது 900க்கு மேல் எதையும் போடுவதில்லை. சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன என்பது தெரியும். இருந்தாலும் அவை மெல்லிய கோடுகளைக் குழப்பிவிடுகின்றன. என் குட்டிப் புத்தகங்களின் முதுகெழுத்து பெரிதாக்கினால் கூழாகிவிடும். 3 அங்குலத்தில் ஸ்டிக்கர் போட்டுவிடலாம் என்பதும் உண்மை. அதைத் தடுக்க வழியில்லை.

மூலையில் போடும் கையெழுத்து ஒரு நிமிட வேலையில் போய்விடும். இப்போது படத்துக்குள்ளேயே, கோட்டோடு கோடாக என் எழுத்தை வைக்கிறேன். படத்தை இடவலமாகத் திருப்பினால் எழுத்தும் திரும்பி, காட்டிக் கொடுக்கும். ஃபைலுக்குள் பெயர், தேதி விவரங்களையும் எழுதுகிறேன், ஆனால் பல தளங்கள் ஏற்றும்போதே அவற்றை உரித்துவிடுகின்றன. மாதம் ஒரு நாள் உட்கார்ந்து, விற்பனையாகும் படங்களை, படத்தை வைத்தே தேடித் தரும் டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டிலும் போட்டுத் தேடுவேன். ஒரு தடவை நேராக, ஒரு தடவை திருப்பிப் போட்டு. திருப்பிப் போட்டபோது அகப்பட்டவைதான் அதிகம். கண்டதும் புகார் எழுதக் கூடாது. முதலில் பக்கம் முழுவதையும் தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிட வேண்டும். புகார் போனதும் பக்கம் மறைந்துவிடும், சாட்சியும் அதோடு போய்விடும்.

‘இதை டீஷர்ட்டில் போட்டால் வாங்குவேன்’ என்று ரசிகர் எழுதும் கருத்தைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தோஷத்தோடு பயமும் வருகிறது. 2019 டிசம்பரில் ட்விட்டரில் ஓவியர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இப்படி யாராவது எழுதியதும் தானியங்கிக் கணக்குகள் அந்தப் படத்தை உருவி, டீஷர்ட்டாக விற்பனைக்கு வைத்துக்கொண்டிருந்தன. ஓவியர்கள் சும்மா இருக்கவில்லை. மிக்கி மவுஸை வரைந்து, ‘நாங்கள் உரிமை மீறியிருக்கிறோம், டிஸ்னி எங்கள் மீது வழக்குப் போடட்டும்’ என்ற பொருளில் எழுதிய படங்களைப் போட்டு, கீழே எல்லோருமாக ‘இது டீஷர்ட்டில் வேண்டும்’ என்று எழுதினார்கள். தானியங்கிகள் அதையும் எடுத்து விற்பனைக்கு வைத்தன. அந்தக் குறும்பை நினைத்து இப்போதும் சிரிப்பேன்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருமுறை, நான் எழுதி விற்ற கிண்டல் வாசகம் ஒன்று வேறு கடையில் இருந்ததைப் பார்த்துப் புகார் எழுதத் தொடங்கிவிட்டேன். வக்கீல் பெண்தான் தடுத்தாள். ஐந்தாறு சொல் உள்ள வாசகத்துக்குப் பதிப்புரிமை பெரும்பாலும் நிற்காது. கருத்துக்கும் பாணிக்கும் கிடையவே கிடையாது. ஆமை முதுகில் அலமாரி என்ற யோசனையை வைத்து வேறொருவர் தன் கையால் வேறு ஆமை வரைந்தால் நான் வாயைத் திறக்க முடியாது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் அதற்கு நஷ்டஈடு கட்ட வைக்கும் பிரிவும் அந்த டி.எம்.சி.ஏ.யிலேயே உண்டு. அப்புறம், டிசைனில் நாம் எடுத்துப் போடும் எழுத்துரு, ஆயத்தப் படம் ஆகியவற்றின் உரிமத்தில் பொருளில் அச்சிட்டு விற்க அனுமதி உண்டா என்று படித்தாக வேண்டும். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருந்த எழுத்துருவை ஒரு டிசைனில் போட்டுவிட்டு, பிறகு நானே எடுத்தேன். பிரபல கதாபாத்திரத்தை வரைந்து விற்பதும் நமக்கு நடந்ததையே இன்னொருவருக்கு நாம் செய்வதுதான், அன்பால் வரைந்தோம் என்றாலும்.

செயற்கை நுண்ணறிவில் படம் செய்து ஏற்றலாம் என்று கட்டுரையில் இருந்ததால் இதையும் சொல்கிறேன். முழுக்க இயந்திரம் தந்த படத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. மனிதர் படைத்த பகுதிக்குத்தான் என்று அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மனிதப் படைப்பாளி வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட படத்தை ஒருவர் உருவினால் எதைக் காட்டிப் புகார் எழுதுவது?

சந்தைகளைப் பற்றியும் ஒன்று. படத்தைக் காட்டுவது மட்டும் அவர்கள் வேலை என்றால் புகார் வந்தபின் நீக்குவது சரி. ஆனால் இவர்கள் ஆர்டர் வாங்கி, அச்சிட்டு, பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள், அல்லது தங்கள் ஏற்பாட்டில் அனுப்ப வைக்கிறார்கள். இப்படி அச்சிட்டு விற்கும் ஸாசில் நிறுவனத்தின் மீது ஒரு பதிப்பாளர் தொடுத்த வழக்கில் 2017இல் கலிஃபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பார்த்தது. புகார் வந்ததும் நீக்கினால் தளத்தின் மேல் பொறுப்பு வராது என்று டி.எம்.சி.ஏ. தரும் பாதுகாப்பு, தளத்தில் காட்டிய படங்களுக்கு உண்டு, தானே தயாரித்து விற்ற பொருள்களுக்கு இல்லை என்றது. அச்சகத்தில் இருந்தவள் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. பிளேட் போட்டவர் படத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. என் ஆமையை எனக்கே மறுக்கும் அளவுக்குப் படங்களை ஒப்பிடத் தெரிந்த கணினி, இரண்டு முறை நீக்கிய படம் மூன்றாவது கடையில் ஏறியபோது எங்கே போயிருந்தது?

உங்கள் கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, மூல ஃபைலை அழிக்காதீர்கள் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். புகாரில் இருக்க வேண்டியவற்றைப் பெட்டிச் செய்தியாகவும் போடலாம். எனக்கு முதல் நாளே அது கிடைத்திருந்தால் மனசாட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது விற்பனையில் இருக்கும் ஆமைக்கு 13 ஓடும் சரியாக இருக்கின்றன, உயிரியல் ஆசிரியர் எண்ணிப் பார்த்துவிட்டார். வேறு ஓர் இடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)